ஒற்றைப்படை என்றால் சோதனைப் பதிப்பா?

வரவு செலவுக் கணக்கு வைக்க உதவும் குனூகேஷ் (GnuCash) மென்பொருளைப் பற்றி, "குனூகேஷ் 5 ஒற்றைப்படை எண், அதனால் சோதனைப் பதிப்பு; 6 வரும்வரை 4-லேயே இருங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பழைய கணக்கு. 2.5 சோதனை, 2.6 நிலையானது என்ற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது உண்மைதான். 2018-இல் 3.0 வந்ததோடு அது போய்விட்டது. இப்போது சோதனைப் பதிப்பு என்றால் 4.901 மாதிரி, புள்ளிக்குப் பின் 900 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருக்கும். 2023-இல் வந்த 5.0 முழுமையான வெளியீடு.

அவசரமில்லை என்பது சரி. நானும் .0 வந்தவுடன் தொடமாட்டேன், இரண்டு மூன்று திருத்த வெளியீடுகள் போகட்டும் என்று இருப்பேன். பங்கு விலை இணையத்திலிருந்து குனூகேஷுக்குள் வரவில்லை என்பதற்காக மட்டும் பதிப்பை மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் ஃபைனான்ஸ்-கோட் (Finance::Quote) நிரலைப் புதுப்பித்துப் பாருங்கள். விலையை எடுத்துத் தருவது அந்தத் தனி நிரல்தான்.

அப்புறம், மாற்றும்முன் கோப்பை நகலெடுத்து வையுங்கள். புதிய வசதியைப் பயன்படுத்திச் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கலாம். கணக்கை எக்ஸ்எம்எல் (XML) வடிவக் கோப்பாகச் சேமித்திருந்தால் தானாகவே நகல் விழும். எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள வடிவில் வைத்திருந்தால் நீங்களேதான் எடுக்க வேண்டும்.