பிலிமை நாமே கழுவ வேண்டும்

பிலிம் கேமராவோடு சுற்றும் தம்பி தங்கைகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அப்பாவின் பீரோவில் கிடந்த யாஷிகாவையோ யாரோ கொடுத்த பென்டாக்ஸ் கே1000ஐயோ தூசி தட்டி, ரோல் மாட்டி, படம் எடுக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ரோல் முடிந்ததும், அதை மருந்தில் கழுவிப் படமாக்கித் தரச் சொல்லி, கூரியரில் ஏதோ ஒரு லேபுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சில நாளில் லிங்க் வருகிறது, ஸ்கேனை போனில் இறக்கிக்கொள்கிறார்கள், அத்தோடு அந்த ரோலை மறந்துவிடுகிறார்கள். போன வாரம் ஒரு தம்பியிடம் நெகட்டிவ் எங்கேப்பா என்று கேட்டேன். "லேப்லயே இருக்கும்ணே" என்றான். அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நாம் எடுத்த படம், வெளிச்சமும் நிழலும் தலைகீழாகப் பதிந்த அந்த பிலிம், அந்த நெகட்டிவ்தான். போனில் வந்தது அதன் ஒரு பிரதி, அதுவும் வேறொருவர் தன் கண்ணுக்குச் சரியென்று பட்ட அளவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து எடுத்த பிரதி. நெகட்டிவ் கையில் இருந்தால் இருபது வருடம் கழித்தும் அதிலிருந்து வேறு மாதிரி ஒரு படம் எடுக்கலாம். ஸ்கேன் மட்டும் இருந்தால் அதோடு முடிந்தது. எனக்கே அது நடந்தது. என் பாட்டி உயிரோடு இருந்தபோது கடைசியாக எடுத்த ரோலை ஒரு லேபில் கொடுத்தேன். சின்ன அளவில் ஸ்கேன் வந்தது. பாட்டி தவறிய பிறகு பெரிதாக பிரிண்ட் போட நெகட்டிவைக் கேட்டபோது, ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை, குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, கேட்டு வாங்காதது என் தப்பு. ஆனால் அந்த முகத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்க இனி வழியே கிடையாது.

1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். மெழுகு பூசிய காகிதத்தில் நெகட்டிவ், மாட்டு வண்டியில் சாமான், நம் ஊர் வெயில். பெரிய கோயில் விமானத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளப் படமாக்கினார். அந்தப் படங்களை இன்றும் பார்க்க முடிகிறது. மாட்டு வண்டியில் போனவரால் அவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது. வீட்டில் குழாயும் குளிர்சாதனப் பெட்டியும் வைத்திருக்கிற நாம் ஒரு ரோலைக் கழுவ ஏன் தயங்க வேண்டும்?

கழுவுவது என்றால் ஏதோ பெரிய வித்தை என்று நினைக்கிறார்கள். பாளையங்கோட்டையில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அண்ணாச்சிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் காலத்தில் பிலிமில் படத்தை வெளியே கொண்டுவரும் மருந்தான டெவலப்பரைக் கடையில் வாங்க மாட்டார்களாம், தராசில் நிறுத்துத் தாங்களே கலப்பார்களாம். டி-76 என்ற டெவலப்பர் 1920களில் வந்தது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், அவ்வளவுதான். இன்னும் அதே கணக்குத்தான் ஓடுகிறது. அண்ணாச்சிக்கு இது மனப்பாடம்.

நம் ஊரில் உண்மையான சிக்கல் சூடு. பிலிம் பெட்டியில் போட்டிருக்கும் நேரமெல்லாம் 20 டிகிரிக்கு. சித்திரை மாத மத்தியானம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கையை வைக்க முடியாது. ஹெச்பி5 என்ற கருப்பு வெள்ளை ரோலைத் தண்ணீர் கலக்காத டி-76இல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும். சூடு ஏறினால் அந்த நேரம் குறையும். 5 நிமிடத்துக்குக் கீழே போய்விட்டால் டெவலப்பர் எல்லா இடத்திலும் ஒரே சீராக வேலை செய்யாது, வானத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். என் முதல் நான்கு ரோலும் அப்படித்தான் போயின. அப்புறம் அண்ணாச்சி சொன்ன வழியில் வந்தேன். டெவலப்பரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துவிட வேண்டும். 20 டிகிரிக்கு 11 நிமிடம் ஆகும், 24 டிகிரிக்கு 8 நிமிடத்தை ஒட்டி வரும். அந்த 24ஐப் பிடிப்பது நம் கையில் இருக்கிறது. டெவலப்பர் பாட்டிலைத் தண்ணீர் நிறைந்த வாளியில் நிறுத்தி, வாளியில் ஐஸ் கட்டி போட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். ஐஸை நேராக டெவலப்பருக்குள் போடக் கூடாது, அது கரைந்து அளவைக் கெடுத்துவிடும். படத்தை நிலைக்க வைக்கும் மருந்தான ஹைப்போவும் கழுவுகிற தண்ணீரும் அதே சூட்டில் இருப்பது நல்லது.

பிலிமை, மூடினால் வெளிச்சம் புகாத டேங்க்குக்குள் ஏற்றுவதுதான் இதில் கஷ்டம். கருப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கண்ணால் பார்க்காமல், பிளாஸ்டிக் ரீலில் சுற்ற வேண்டும். கை வியர்த்தால் பிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. இழுக்க இழுக்க மடங்கும், மடங்கிய இடத்தில் பிறை மாதிரி ஒரு கருப்பு அடையாளம் வந்துவிடும். நான் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் இதைச் செய்கிறேன். வீடு தூங்கும், காற்று கொஞ்சம் குளிர்ந்திருக்கும், கை வியர்க்காது. வீணாய்ப்போன ஒரு ரோலை வைத்து டிவி பார்த்துக்கொண்டே ஒரு வாரம் பழகுங்கள், கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

ஏற்றி மூடிவிட்டால் மீதியை விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம். டெவலப்பரை ஊற்று, முதலில் 10 விநாடி கவிழ்த்து நிமிர்த்து, டேங்க்கைத் தரையில் ஒரு தட்டு தட்டு, குமிழி போகட்டும். பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை அதையே செய். இதை அடித்துக் குலுக்கக் கூடாது, மருந்து பாட்டிலைக் கவிழ்ப்பது மாதிரி மெதுவாக. டெவலப்பர் நேரம் முடிந்ததும் தண்ணீர், அதன் பிறகு ஹைப்போ. ஹைப்போ சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ரோலின் முனையில் வெட்டிய துண்டை வெளிச்சத்திலேயே அதில் போடுங்கள். பால் போல இருப்பது தெளிந்து கண்ணாடியாக எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் உள்ளே விடுங்கள். அண்ணாச்சி இதில் மட்டும் ரொம்பக் கறார். "ஹைப்போல அவசரப்பட்டேன்னா பத்து வருசம் கழிச்சு படம் பழுத்துப் போகும்டே" என்பார்.

ஹைப்போவைக் கழுவிப் போக்கத் தண்ணீர் நிறைய செலவாகும் என்று சிலர் தயங்குகிறார்கள். தேவையே இல்லை. டேங்க்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்து ஊற்றிவிடுங்கள், மறுபடி நிரப்பி 10 தடவை, இன்னொரு முறை நிரப்பி 20 தடவை. இது இல்ஃபோர்ட் கம்பெனியே சொல்லும் முறை, ஒரு குடம் தண்ணீர்கூட வேண்டாம். கடைசியில் மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முக்கு. இல்லையென்றால் நம் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். பழைய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. பழைய எக்ஸ்ரே பிலிமும் ஹைப்போவும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கேனில் சேர்த்து வைத்துக் கொடுக்கலாம்.

டேங்க்கைத் திறந்து ரீலிலிருந்து ஈர நெகட்டிவை உருவி ஜன்னல் பக்கம் பிடிக்கிறபோது ஒன்று நடக்கும். எந்தப் படத்தில் வெளிச்சம் குறைந்தது, எதில் கூடியது என்று நம் கையிலேயே தெரியும். நிழல் இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடியாக இருந்தால், அடுத்த முறை ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் விட்டு, எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். லேபிலிருந்து வரும் ஸ்கேனில் இந்தத் தப்பையெல்லாம் மெஷின் சரிசெய்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. மூன்று வருடம் லேபுக்கு அனுப்பியதில் நான் கற்றதைவிட, வீட்டில் கழுவிய முதல் பத்து ரோலில் கற்றது அதிகம். பிலிமில் ஏன் எடுக்கிறாய் என்று கேட்டால் கலர் அழகு, பழைய காலத்து தோற்றம் என்கிறார்கள். அந்தத் தோற்றத்தை போன் ஆப்பே தந்துவிடும். ரோல் விலை ஏறிக்கிடக்கும் காலத்தில் அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். வெளிச்சத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள்.

கலர் ரோல் வேறு கதை. அதற்கு டெவலப்பர் 38 டிகிரி, மூன்றேகால் நிமிடம். நம் ஊர் சூடு இதற்கு உதவிதான், ஆனால் கால் டிகிரி தவறினாலும் நிறம் மாறும். கருப்பு வெள்ளையில் கை பழகிய பிறகு போங்கள்.

எழுதும்போது ஊட்டி ஞாபகம் வருகிறது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் அங்கே 1960இல் தொடங்கப்பட்டது, 1967இல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் விற்றார்கள். இந்து என்றால் நிலா. அந்த ஆலை இருந்த பகுதிக்கு இன்றும் இந்து நகர் என்றுதான் பெயர். அண்ணாச்சி ஸ்டூடியோவில் அந்த பிலிமில் எடுத்த பாஸ்போர்ட் படங்களின் நெகட்டிவ்கள் காகித உறையில், மேலே பென்சிலால் தேதி போட்டு, பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஒன்றை எடுத்து ட்யூப் லைட்டில் காட்டினார். நேற்றுக் கழுவியது மாதிரி இருந்தது. அதிலிருக்கும் ஆள் யாரென்று அவருக்கே ஞாபகம் இல்லை.

லேபுக்குத்தான் அனுப்புவேன் என்றால் சரி, கூரியர் கவரில் ‘நெகட்டிவைத் திருப்பி அனுப்பவும்’ என்று எழுதி, திரும்பி வரும் கூரியர் செலவையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். வந்ததும் பிளாஸ்டிக் ஸ்லீவில் போட்டு, சிலிகா ஜெல் பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் வையுங்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். பாளையங்கோட்டை, திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்கள் ஒரு ரோலைக் கழுவிப் பார்க்க விரும்பினால் மெசேஜ் போடுங்கள். என்னிடம் இரண்டு டேங்க் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு வர வேண்டியிருக்கும்.