கூடைக் கயிறு எங்கே மாட்டியிருக்கு?

இலங்கையின் தேயிலை மலையகத்தில், பொகவந்தலாவை செயின்ட் மேரிஸ் தேவாலயத்துக் கல்லறையில் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கமாகியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக்காரர்களில் ஒருவர். 1875இல் இலங்கைக்கு வந்தவர், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் இறந்துபோனார். அந்த வழியில் நான் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. முப்பது வயது தாண்டித்தான் தெரிந்தது, அதுவும் யூடியூப் பார்த்து.

இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்கள் டார்வின், டென்னிசன், ஹெர்ஷல் என்று பெயரோடு இருக்கின்றன. இங்கே எடுத்தவற்றில் ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்'. சரி, அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிடலாம்.

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். புகைப்படம், சிற்பம், போஸ்டர் எல்லாம் ஒரே கூடத்தில். பாதிக்கு மேல் மலையகம்தான். அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவர். ஆள் உயரப் படம் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். சேலை பளபளவென்று, தலையில் பூ, கையில் இளங்கொழுந்து.

"இந்தப் புள்ள கொழுந்து எடுக்கல தம்பி, சும்மா நிக்குது" என்றார்.

எப்படி என்று கேட்டேன். இடுப்பில் படங்கு, அதாவது சேலைக்கு மேல் கட்டும் சாக்குத் துணி, இல்லை. படங்கு கட்டாமல் மலைக்குள் இறங்கினால் கவ்வாத்து வெட்டிய குச்சி சேலையைக் கிழித்துவிடும். கூடைக் கயிறு உச்சந்தலையில் மாட்டாமல் தோளில் தொங்குகிறது. கூடைக்குள் கிடப்பது முற்றிய இலை, கணக்கப்பிள்ளை நிறுக்கவே மாட்டார். அப்புறம் கேட்டார், "எந்தத் தோட்டத்துப் புள்ளயாம்?"

அட்டையில் படம் எடுத்தவர் பெயர் இருந்தது, காகிதத்தின் பெயர்கூட இருந்தது. அந்தப் பிள்ளையின் பெயர் இல்லை. இருந்த எழுத்து முழுக்க ஆங்கிலம்.

அங்கே நல்ல வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஹட்டன் பக்கத்து ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேநீர்ப் பைகளையும் கொண்டு செய்பவற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் கதையை எங்கள் பொருளாலேயே சொல்ல முடியும் என்று. என் கோபம் அந்தக் கூடத்தின் விலாசத்தின் மேல். ஹட்டனிலிருந்து போய்வர ஒரு முழு நாள், ஒரு நாள் பேரும் (கூலியும்) போய்விடும். எங்களைப் பற்றிய கண்காட்சியை நாங்கள் பார்க்கவே இந்தக் கணக்கா?

லிப்டன் 1890இல் இங்கே தோட்டங்கள் வாங்கியதிலிருந்து கூடை தூக்கிய பெண் விளம்பரத்தில் நிற்கிறாள். அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய இன்னொரு டிசைன் இருக்கிறது: 1901இல் வந்த தகரத் துண்டு, இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கூட்டிவந்த தொழிலாளர்களின் அடையாள வில்லை. மாவட்டத்துக்கு ஒரு எழுத்து, தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண். கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். அழகான எழுத்துரு, துல்லியமான அச்சு என்று இன்று யாராவது கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதை முதலில் பார்க்க வேண்டியது யார்?

கண்காட்சியை மலைக்கே கொண்டுவரலாமே என்றதற்கு, மலையில் யார் வருவார்கள், மழையில் படம் நனைந்துவிடும், பாதுகாப்பு இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். ஹட்டன் டவுனில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள் ஐயா. தேர்த் திருவிழா, சாமத்தியச் சடங்கு, மரண அறிவித்தல், தேர்தல், எல்லாம் பிளெக்ஸில் மழையில் நனைந்துகொண்டேதான் தொங்குகின்றன. ரோசாப்பூவும் தங்க எழுத்துமாக ராத்திரி இரண்டு மணி வரை அதைப் போடும் பையன்கள்தான் எங்கள் கிராஃபிக் டிசைனர்கள். எங்கள் ஊர்க் கூத்தான காமன் கூத்துக்கு ரதிக்கும் மன்மதனுக்கும் கிரீடம் செய்கிற கைகளுக்குச் சிற்பம் என்றால் என்னவென்று நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்தையே (தொழிலாளர் வரிசை வீட்டையே) தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். முடியாத காரியம் இல்லை. கோயில் மண்டபம் போதும், கொழுந்து நிறுக்கும் மடுவம்கூடப் போதும். ஞாயிற்றுக்கிழமை போடுங்கள், தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், படத்தில் இருப்பவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அம்மா மாதிரி நாலு பேரை முன்னதாகவே கூட்டிப்போய்க் காட்டுங்கள். கூடைக் கயிறு எங்கே மாட்ட வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள், கொஞ்சம் திட்டவும் செய்வார்கள்.

டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் மண்டபச் சாவி கையில் உள்ளவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். படம் தர இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பிளெக்ஸ் செலவில் பாதி என்னுடையது.