திரும்பி வந்த பேய்ப் புத்தகங்கள்

சென்ற மாதம் எங்கள் கடலோரத்துப் பள்ளி ஒன்றின் நூலகத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய சித்திரக்கதைப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்காம் நாள் அந்தப் பெட்டி ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி என் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. கயிற்றில் இருந்தது நான் போட்ட முடிச்சு அல்ல. வலை முடியும் ஊரில் பிறந்தவனுக்கு முடிச்சு மாறியது தெரியாமல் போகாது. அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மாலையில் டீச்சர் கைப்பேசியில் கூப்பிட்டார். "தப்பா நினைச்சுக்கிறாதீக சார். எல்லாம் பேய்ப் புத்தகமா இருக்கு. பிள்ளைக ராத்திரி பயந்து எந்திரிச்சுச்சுன்னா பெத்தவுக எங்களத்தான் கேப்பாக."

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னதை ஒரு மாதமாக மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன். அது தவறு என்று எனக்குத் தோன்றுவதன் காரணத்தைக் கொஞ்சம் நிதானமாக எழுதலாம் என்றுதான் இந்தப் பதிவு. அந்தப் பெட்டியில் இருந்தவை பயமுறுத்தும் பேய்களின் கதைகள் அல்ல. யாரையும் பயமுறுத்தத் தெரியாத, பயமுறுத்த விரும்பாத பேய்களின் கதைகள். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது.

எனக்கு எட்டு வயதில் அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அதுவரை நாள் முழுக்க என்னோடு கோலி ஆடிய பையன்கள் தெருமுனையிலேயே நின்று என் வீட்டைப் பார்த்துவிட்டு ஓடினார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்து நாள் ஆன பிறகும் முகத்தில் தழும்பு இருந்ததால் நான் வெளியே வந்தால் ஓட்டம்தான். அந்த வாரத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து மாமா வந்தார். அவருடைய இரும்பு டிரங்குப் பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் நைலக்ஸ் சேலைக்கும் அடியில் நாலைந்து ஆங்கிலச் சித்திரக்கதைகள் கிடந்தன. எனக்கு ஆங்கிலம் தெரியாது. படங்களை மட்டும் பார்த்தேன். முட்டை போல வழுவழுப்பான தலையுடைய ஒரு வெள்ளைக் குழந்தைப் பேய் தெருவில் ஒருவரைப் பார்த்துச் சிரித்துக் கையசைக்கிறது. அந்த ஆளின் முடி குத்திட்டு நிற்கிறது, தொப்பி ஒரு முழம் மேலே பறக்கிறது, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஆள் ஓடுகிறார். அடுத்த கட்டத்தில் அந்தப் பேய் தனியாக ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அழுகிறது. என் தெருமுனையை யாரோ பார்த்து வரைந்த மாதிரி இருந்தது. காஸ்பர் என்ற அதன் பெயரையே நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

பேயைக் கண்டு மனிதன் பயப்படுகிறான் என்பதைக் கதை என்று சொல்ல முடியாது. அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். தன்னைக் கண்டு எல்லோரும் ஓடுகிறார்களே என்று பேய் வருந்துகிறது என்ற இடத்தில்தான் கதை தொடங்குகிறது. ஓடுகிறவர் பக்கம் நின்றுகொண்டிருந்த வாசகனை அது அப்படியே தூக்கி மறுபக்கம் வைத்துவிடுகிறது.

சேமூர் ரீட் என்பவரும் ஜோ ஓரியோலோ என்பவரும் முதலில் ஒரு குழந்தைப் புத்தகத்துக்காகத்தான் காஸ்பரை உருவாக்கினார்கள். அது 1945இல் கார்ட்டூன் படமாக வந்தது, 1949இல் சித்திரக்கதை இதழாயிற்று, 1952 முதல் ஹார்வி காமிக்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்து உலகம் சுற்றியது. தொடக்க காலக் கார்ட்டூன்களில் காஸ்பருக்கு ஒரு கல்லறைக் கல் உண்டு. அதாவது அது செத்துப்போன ஒரு குழந்தை. 1948இல் வந்த ஒரு படத்தில் காஸ்பருக்கு ஃபெர்டி என்ற நரிக்குட்டி நண்பனாகிறது. வேட்டைக்காரர்களால் அந்தக் குட்டி இறந்துபோகிறது. காஸ்பர் அதைப் புதைத்துவிட்டு அழுகிறது. பிறகு குட்டி ஆவியாக எழுந்து வந்து காஸ்பரோடு சேர்ந்துகொள்கிறது. குழந்தைகளுக்கான சில நிமிடப் படத்தில் மரணத்தை இவ்வளவு நேராகப் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் மிகச் சிலரே. பின்னர் சித்திரக்கதைகளில், பேய் என்பது இறந்தவர் அல்ல, அது ஒரு தனி இனம், அவர்களுக்கும் சித்தப்பா பெரியப்பா உண்டு என்பது போல மாற்றிக்கொண்டார்கள். பெற்றோர்கள் முகம் சுளிக்காமல் இருக்க அது வசதியாக இருந்திருக்கும். என்னைக் கேட்டால் அதில் ஏதோ ஒன்று குறைந்துதான் போயிற்று.

டீச்சரின் கவலையும் புதிதல்ல. அமெரிக்காவில் 1954இல் செனட்டின் துணைக்குழு ஒன்று சித்திரக்கதைகளால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களா என்று விசாரணையே நடத்தியது. அதே ஆண்டு பதிப்பாளர்கள் கூடித் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். ரத்தம் குடிக்கும் பிசாசு கூடாது, ஓநாய் மனிதன் கூடாது, நடமாடும் பிணம் கூடாது, இதழின் பெயரிலேயே திகில் என்ற சொல் வரக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன் ஹார்வி நிறுவனமே அப்படிப்பட்ட திகில் இதழ்களை அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்ததுதான். விதி வந்ததும் அவை நின்றன, காஸ்பர் நிற்கவில்லை. அதே 1954இல் வெண்டி என்ற நல்ல சூனியக்காரச் சிறுமி வந்தாள். 1957இல் ஹாட் ஸ்டஃப் என்ற குட்டிச் சாத்தான் கையில் திரிசூலம் போன்ற ஈட்டியோடும் இடுப்பில் அரைத்துணியோடும் வந்தான். கறாரான தணிக்கை என்று பெயர் வாங்கிய அந்த விதித்தொகுப்பின் ஒப்புதல் முத்திரை, பேய்க்கும் சூனியக்காரிக்கும் சாத்தானுக்கும் தாராளமாகக் கிடைத்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே அனுமதி வாங்கிய பேய்க்கு இன்று இராமநாதபுரம் கடலோரத்தில் அனுமதி இல்லை.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஜான் ஸ்டான்லி வரைந்து எழுதிய மெல்வினின் கதைகள். 1965இல் தொடங்கிய இதழ் அது. மெல்வின் பச்சை நிற அரக்கக் குழந்தை. அவனுடைய அம்மா உடம்பு முழுக்கத் துணிச்சுருள் சுற்றிய எகிப்தியப் பிணம். அதனால் அவன் அவளை 'மம்மி' என்று கூப்பிடுகிறான். (ஆங்கிலவழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த மறுநாளே "என்னை மம்மின்னு கூப்பிடு" என்று சொல்லும் எங்கள் ஊர்த் தாய்மார்களுக்கு இந்த நகைச்சுவையை விளக்கவே வேண்டாம்.) அவன் கெட்டவனாக வளர வேண்டும், அடுத்த வீட்டு ஜன்னலை உடைக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுகிறார்கள். அவனுக்கோ பள்ளிக்கூடம் போக ஆசை. அரக்கர் பள்ளியில் யாருமே படிக்க வருவதில்லை. ஆசிரியை நிம்மதியாக இருக்கிறாள். மெல்வின் புத்தகப்பையோடு வந்து நின்றதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவனை எப்படியாவது உள்ளே விடாமல் துரத்தப் பார்க்கிறாள். பள்ளிக்கூடத்துக்குள் போகத் துடிக்கும் ஒரு பேய்ப்பிள்ளையின் புத்தகம் பள்ளிக்கூடத்து வாசலிலிருந்தே திரும்பி வந்திருக்கிறது. ஸ்டான்லிக்கு இது தெரிந்திருந்தால் அதை வைத்தே இன்னொரு கதை எழுதியிருப்பார்.

ஜப்பானில் ஷிகேரு மிசுகி என்று ஓர் ஓவியர் இருந்தார். சகாய்மினாத்தோ என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் வளர்ந்தவர். வீட்டில் வேலை செய்த ஒரு கிழவி அவருக்குச் சிறுவயதில் ஊர்ப் பேய்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் போருக்குப் போய் இடது கையை இழந்து திரும்பினார். மிச்சமிருந்த வலது கையால் அந்தக் கிழவியின் பேய்களை எல்லாம் காகிதத்தில் இறக்கினார். 1960 முதல் அவர் வரைந்த கிதாரோ, கல்லறையில் பிறந்த ஒற்றைக் கண் சிறுவன். அவனுடைய அப்பா இறந்து உடல் அழுகிய பிறகும் மகனைப் பிரிய மனமில்லாமல் ஒரு விழியில் மட்டும் உயிரை வைத்துக்கொண்டு அவன் தலைமுடிக்குள் குடியிருக்கிறார். தேநீர்க் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தால் அதில் இறங்கிச் சுகமாகக் குளிக்கிறார். சொன்னால் அருவருப்பாக இருக்கும். படத்தில் பார்த்தால் யாருக்கும் தன் அப்பாவின் ஞாபகம் வரும். இன்று அந்த மீன்பிடி ஊரின் தெருவில் 170க்கும் மேற்பட்ட வெண்கலப் பேய்ச் சிலைகள் நிற்கின்றன. கருவாட்டு வாடையும் கடற்காற்றும் உள்ள ஓர் ஊர் தன் பேய்களை வெட்கமில்லாமல் வீதியில் நிறுத்தி வைத்திருக்கிறது.

நம்மிடம் இல்லாத பேய்களா? அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை மறந்தவர் உண்டா? ஒரு கையில் உருவிய வாளோடு நடக்கும் மன்னன், தோளில் பிணம், அதிலிருந்து நீண்டு மிதக்கும் வெள்ளைத் தலைமுடி வேதாளம். மூலத்தில் இருந்த இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பின்னும் அந்த இதழ் பல பத்தாண்டுகள் புதிய கதைகளை எழுதிக்கொண்டே போனதால், எங்களுக்கு வேதாளம் முருங்கை மரம் ஏறியதே தவிர முடிவு தெரியவே இல்லை. முடிவை நான் முப்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். மன்னனைப் பிணம் தூக்க அனுப்பிய துறவிதான் அவனைப் பலி கொடுக்கத் திட்டமிட்டவன். அதைச் சொல்லி மன்னனைக் காப்பாற்றுவது வேதாளம். பயப்பட வேண்டியது மரத்தில் தொங்குவதைக் கண்டு அல்ல, சாந்தமாகப் பேசி வேலை ஏவுகிறவனைக் கண்டு என்று ஒரு பேய்க் கதை சொல்கிறது. இதைவிட உருப்படியான பாடம் எந்த வகுப்பில் நடத்தப்படுகிறது?

எங்கள் ஊரில் முனிக்குக் கூரை கிடையாது. பனங்காட்டு ஓரத்தில் வெயிலில் நிற்பார். அரிவாள், சுருட்டு, உருட்டு விழி. பார்த்தால் குலை நடுங்கும். ஆனாலும் கடலுக்குப் போகிறவர்கள் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள், "நம்ம முனி" என்பார்கள். என் அப்பத்தாவின் தம்பி தனுஷ்கோடியில் இருந்தார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலுக்குப் பிறகு அவர் வரவில்லை. ஒவ்வொரு மார்கழியிலும் அந்தத் தேதி இரவில் அப்பத்தா ஒரு லோட்டா கருப்பட்டிக் காப்பியைத் திண்ணைச் சுவரில் வைத்துவிட்டுப் படுப்பாள். "பேயா வந்தா என்ன செய்வ?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "வந்தா வரட்டுமே. என் தம்பிக்கு நான் பயப்படவா?" என்றாள். இன்று தனுஷ்கோடிக்கு வந்து பேய் நகரம் என்று தலைப்புப் போட்டு, பின்னணியில் அலறல் சேர்த்துக் காணொளி எடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த லோட்டாதான் ஞாபகம் வருகிறது. அங்கே இன்றும் குடிசை போட்டுக் கரைவலை இழுத்துப் பிழைக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதாவது இவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

பயத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருட்டிய பிறகு கரைக்குப் போனால் கொள்ளிவாய்ப் பிசாசு பிடிக்கும் என்று சொல்லித்தான் எங்களை நீரோட்டத்திலிருந்து காப்பாற்றினார்கள். அதற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் சோறு தின்ன அஞ்சுகண்ணன், தூங்கப் பூச்சாண்டி, படிக்கப் பிசாசு என்று பிள்ளையை ஏவுவதற்கெல்லாம் பேயைக் கூப்பிட்ட வீட்டில், அந்தப் பேய் உட்கார்ந்து சிரிக்கும் புத்தகம் மட்டும் ஆகாது என்பது எனக்குப் புரியவில்லை. மூடநம்பிக்கை வளரும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். காஸ்பரைப் படித்த பிள்ளை பேய் இருக்கிறது என்று நம்பப் போவதில்லை. பேய் என்று ஒதுக்கப்பட்டதை ஒரு நிமிடம் நின்று பார்க்கும், அவ்வளவுதான். அதோடு, அதே பிள்ளைகள் அப்பாவின் கைப்பேசியில் நடுச்சாமம் வரை பார்க்கும் பேய்ப் படத் துண்டுகளைப் பற்றி யாரும் பெட்டி கட்டித் திருப்பி அனுப்பக் காணோம்.

தமிழ்ச் சித்திரக்கதைகள் மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வந்தன. இரும்புக்கை மாயாவியையும் குதிரைவீரர்களையும் உளவாளிகளையும் கொண்டுவந்து கொட்டினார்கள். அவற்றால்தான் எனக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வந்தது என்பதையும் மறக்கவில்லை. ஆனால் அங்கே எங்கள் வயதுக்கு ஒரு குட்டிப் பேய் அகப்பட்டதில்லை. வேதாளன் என்று பெயர் வைத்ததுகூட முகமூடி போட்ட ஒரு வாட்டசாட்டமான மனிதருக்குத்தான். அவரிடம் பேய்த்தனம் மருந்துக்கும் கிடையாது. பனைமரத்து முனியின் கடைக்குட்டி மகனை யாராவது வரைந்திருக்கலாம். கச்சான் காத்தில் மரம் ஆடும்போது அவனுக்குத் தூக்கம் வராது, கீழே வலை பொத்தும் கிழவரிடம் பேச இறங்குவான், கிழவருக்குக் கண் தெரியாததால் அவர் ஓடவும் மாட்டார். இப்படி ஆயிரம் கதை இந்தக் கரையில் கிடக்கிறது. வரையத் தெரிந்த பிள்ளைகள் இந்தப் பதிவைப் படித்தால் எடுத்துக்கொள்ளட்டும். எனக்குக் கோடு நேராக வராது.

பெட்டி இப்போது என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. கயிற்றை நான் மறுபடி கட்டவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பேத்தி வந்து கிதாரோவைப் புரட்டினாள். விழி அப்பா கிண்ணத்தில் குளிக்கும் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு, "தாத்தா, இவருக்குக் கண்ணுல சோப்பு பட்டா என்ன செய்வாரு?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. ஞாயிறு நான்கு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் பிள்ளைகளை அழைத்து வரலாம். டீச்சர், நீங்களும் வாருங்கள்.