குடும்பப் பெயரும் தந்தைவழி மரபணுவும்

ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடும்பப் பெயர்களின் வேரை மரபணுச் சோதனையால் அறியலாம் என்று கூறும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். அது, பெயரும் ஆண்களிடம் மட்டுமே உள்ள மரபணுத் தொகுப்பான ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதைத் தெளிவாக விளக்கியுள்ளது. எனினும், 'மேக்' என்று தொடங்கும் பெயர் ஸ்காட்லாந்துக்கே உரியது என்ற அதன் வரியை ஏற்க இயலவில்லை. 'மகன்' என்று பொருள்படும் அச்சொல் இரு நாட்டுக் கேலிக் மொழிகளுக்கும் பொதுவானது.

பெயர் எப்போதும் குருதியோடு சேர்ந்தே வருவதில்லை என்பதற்கு ஸ்காட்லாந்தின் மெக்ரெகர் குலத்தின் கதை ஒன்றே போதும். 1603இல் அப்பெயரைச் சூடுவதே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டபோது அக்குலத்தார் பலர் மரே, கிராண்ட், கேம்ப்பெல் போன்ற பெயர்களுக்குள் மறைந்தனர். தடை முற்றாக நீங்கியது 1774இல்தான். எனவே, கிராண்ட் என்ற பெயருடைய ஒருவரின் சோதனை முடிவு மெக்ரெகர்களோடு ஒத்துப்போனால் ஆய்வகத்தைக் குறைகூற வேண்டியதில்லை.

அயர்லாந்தின் நிலை இன்னும் சிக்கலானது. அதன் வடமேற்கில் பரவலாகக் காணப்படும் எம்222 என்ற மரபணு அடையாளத்தை, 2006இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பழங்கால அயர்லாந்தின் நியால் மன்னரின் வழிமரபோடு இணைத்துப் பேசினர். அதே அடையாளம் ஸ்காட்லாந்திலும் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, 1609 முதல் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் ஸ்காட்லாந்தியர் பெருமளவில் குடியமர்த்தப்பட்டனர். ஆகவே அந்த ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு நாட்டைத் தீர்மானிக்க முடியாது. அதிலிருந்து பின்னர் பிரிந்த நுண்கிளைகள் வரை சோதித்து, அதே பெயருடைய பிறரின் முடிவுகளோடு ஒப்பிட வேண்டும்.

பெண்களுக்கு ஒய் குரோமோசோம் இல்லாததால், அவர்கள் தந்தையையோ உடன்பிறந்த சகோதரரையோ சோதனைக்கு இணங்கவைக்க வேண்டும் என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.