ரயிலுக்கு வேஷம் கட்ட வேண்டாம், கூட்டம் சேர்க்கலாம்

நண்பர்கள் குழுவில் ஒரு சண்டை. ஊட்டி மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்த புது நீராவி இன்ஜின்களை "டூப்ளிகேட்" என்று ஒருவர் எழுதிவிட்டார். சுவிட்சர்லாந்தில் செய்த பழைய எக்ஸ் ரகம்தான் அசல், மற்றதெல்லாம் டூரிஸ்ட்காரர்களை ஏமாற்றும் வேலையாம். பதில் நீண்டுவிட்டதால் இங்கே போடுகிறேன்.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து மாட்டியது. அதற்காக யாராவது வடம் பிடிக்காமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டார்களா? பொன்மலைக்காரர்கள் செய்த இன்ஜினும் எனக்கு அப்படித்தான். பழையதில் இருந்த அதே நான்கு சிலிண்டர்; இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு தண்டவாளத்தின் நடுவே ஓடும் பல் பட்டையைக் கடித்து ஏறும் பல்சக்கரத்துக்கு. நடுவில் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறினார்கள், அதற்கும் ஒரு கோஷ்டி அழுதது. (2021இல் நிலக்கரியில் ஓடுகிற புது இன்ஜினும் வந்தது.) எதை எரித்தால் என்ன, தள்ளுவது நீராவிதானே.

மலை அடிவாரத்துக் கல்லாறு ஸ்டேஷனில் போய்ப் பாருங்கள். அங்கிருந்து குன்னூர் வரைக்கும்தான் பல் பட்டை, சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இன்ஜின் பின்னால் நின்று தள்ளுவதால் டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது, முதல் பெட்டியின் சின்ன மேடையில் கொடியோடு நிற்கிற பிரேக்காரர்தான் அவருக்குக் கண். பெட்டிக்குப் பெட்டி இப்படி ஓர் ஆள், கையால் பிரேக் பிடித்துக்கொண்டே மலை ஏறுகிறார்கள். 1899இல் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறந்தபோது மலை ஏறிய முறை பெரிய மாற்றமில்லாமல் இன்னும் ஓடுகிறது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள் என்றால் அது பெட்டியின் நீலப் பெயிண்டுக்காக இல்லை.

இப்போது வேஷத்துக்கு வருகிறேன். 2023இல் குஜராத்தில் ஏக்தா நகர்–அகமதாபாத் பாதையில் ஒரு "பாரம்பரிய ரயில்" விட்டார்கள். இழுப்பது மின்சார இன்ஜின், மேலே நீராவி இன்ஜின் மாதிரி ஒரு கூடு. கல்யாண மண்டப வாசலில் தெர்மாகோல் யானை நிறுத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதைவிட குன்னூரில் நீராவியைக் கழற்றிவிட்டு ஊட்டி வரை டீசலைப் போடுகிறார்களே, அது எவ்வளவோ நேர்மை. டீசல் தன்னை டீசல் என்றே காட்டிக்கொள்கிறது. ஆனால் குன்னூர்–ஊட்டி மட்டும் போய்வந்து "நீராவி ரயிலில் போனோம்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், என் மச்சானும் அதில் ஒருத்தர்.

ரயிலை நடத்தக் காசு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். இங்கிலாந்தில் தன்னார்வலர்கள் நடத்தும் நீராவி ரயில்கள் டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தாவை ஏற்றிக் குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்துச் சம்பாதிக்கின்றன. பத்து வருஷத்துக்கு ஒருமுறை பாய்லரைப் பிரித்து வேலை பார்க்க அந்தக் காசு உதவுகிறது. எல்லாம் பழையபடியே அசலாக இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு அது பிடிக்காது. எனக்குப் பிரச்சினையே இல்லை, தாத்தா பெட்டிக்குள்தான் இருக்கிறார், இன்ஜினைத் தொடவில்லை. நம் ஊரிலும் முதல் வகுப்புக்கு இன்னும் கூட வாங்கட்டும், தனி வண்டி கேட்கிறவர்களிடம் தாராளமாக வாங்கட்டும்.

ஆனால் ஊட்டி ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் போனபோது அதில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஊட்டியில் மகள் வீட்டுக்கு முருங்கைக்காய்க் கட்டோடு போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸில் சீக்கிரம் போய்விடலாமே என்றேன். "பஸ்ல வாந்தி வரும் தம்பி" என்றார். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடித்த நேரத்தில் எல்லோரும் போனோடு இறங்கி ஓடினோம். அவர் இறங்கவில்லை, குரங்கு தூக்கிவிடும் என்று முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டார்.