ஆனைக்கு வேலியா, ஊருக்கு வேலியா?

ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற எங்கள் பெரியம்மாவின் குசினிச் சுவர் நாலு வருடத்துக்குள் இரண்டு தடவை விழுந்து இரண்டு தடவை கட்டப்பட்டது. இரண்டு தடவையும் தள்ளியது ஆனைதான். (எழுத்தில் யானை என்று இருக்கலாம், இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் அது ஆனை.) முதல் தடவை உள்ளே பதினொரு மூட்டை நெல் இருந்தது, அடுத்த தடவை மூன்று. அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும், நெல் மணம் எந்த வீட்டிலிருந்து வருகிறதோ அந்த வீட்டைத் தேடி வருகிறது. கல்லை அடுக்கிச் சாந்து பூசிய சுவரெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை.

விழுந்த சுவரைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் "சுட வேணும்" என்றார்கள். மீதிப்பேர் "பிடிச்சுக்கொண்டு போய் வேறை காட்டில விட வேணும்" என்றார்கள். முதல் கூட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கடன் வாங்கி விதைத்த காலபோக (மாரிகால) நெல் ஒரே இரவில் மிதிபட்டுக் கிடப்பதைப் பார்த்தவனிடம் போய்க் கருணையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. எனக்குச் சிக்கல் இரண்டாவது கூட்டத்தோடுதான். கேட்க நல்லதாக இருக்கிறது, அதனால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். தனியன்களை, அதாவது தனியே திரிகிற ஆண் ஆனைகளைப் பிடித்துத் தொலைதூரத் தேசியப் பூங்காக்களில் விட்டு, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. சில ஆனைகள் பிடித்த இடத்துக்கே திரும்பி நடந்துவிட்டன. சில புது ஊர்களுக்குள் அலைந்து அங்கே ஆட்களைக் கொன்றன. ஒரு ஊரின் தலையிடியை லொறியில் ஏற்றி இன்னொரு ஊரில் இறக்கியதுதான் மிச்சம். வவுனியாவிலிருந்து தொலைவில்லாத ஹொரவப்பொத்தானையில் முரட்டு ஆனைகளை அடைத்து வைக்க வேலி போட்டு ஒரு காடே ஒதுக்கினார்கள். போதிய தீன் இல்லாமல் அங்கே ஆனைகள் செத்தன. ஒரு ஆனைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவில் தீன் வேண்டும். அடைத்துவிட்டால் அது எங்கே போய்த் தேடும்?

வெடி கொளுத்திக் கூட்டத்தை ஒரு காட்டுக்குள் துரத்தி வாசலைப் பூட்டுவதும் இதே கதைதான். குட்டியோடு இருக்கிற பெட்டைகள் போய்விடும். வயலுக்குள் இறங்குகிறவை பெரும்பாலும் வளர்ந்த ஆண் ஆனைகள். அவை போகாது, போனாலும் திரும்பி வரும்.

அடுத்தது மின்சார வேலி. இலங்கையில் 4,000 கிலோமீற்றருக்கும் மேல் வேலி போட்டாகிவிட்டது. இருந்தும் 2019-இல் மட்டும் 400-க்கு மேற்பட்ட ஆனைகளும் 100-க்கு மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். வேலி கெட்டது என்பதால் அல்ல, நின்ற இடம் பிழை. பல வேலிகள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் காணியும் வன இலாகாவின் காணியும் சந்திக்கிற எல்லையில், நடுக்காட்டில் நிற்கின்றன. இந்தப் பக்கமும் ஆனை, அந்தப் பக்கமும் ஆனை. வரைபடத்தில் இருக்கிற கோடு ஆனைக்குத் தெரியாதே. நாட்டில் ஆனை நடமாடும் நிலத்தில் 70 வீதத்துக்குக் கிட்ட மனிதரும் குடியிருக்கிறார்கள். காட்டுக்குள் ஆனை, ஊருக்குள் மனிதன் என்று பிரிக்கிற கணக்கு அங்கேயே பிழையாகிவிடுகிறது.

நடுக்காட்டு வேலியை யார் பார்ப்பார்கள்? எங்கள் பக்கத்தில் ஒன்று வந்தது. திறப்பு விழாவுக்கு மாலையும் வடையும். அடுத்த மாரியில் கம்பியில் கொடி படர்ந்து மின்சாரம் நிலத்துக்குப் போனது, அப்புறம் ஒரு நாள் பற்றரியையும் காணோம். முறைப்பாடு கொடுக்கப் போன எங்களை ஒரு அலுவலகம் இன்னொன்றுக்கு அனுப்பியது, அது திருப்பி முதலாவதற்கே அனுப்பியது. அந்த வேலித் தூண்கள் இப்போது நாலு வீட்டில் கோழிக்கூட்டுக்கு நிற்கின்றன. யார் வீட்டில் என்று சொல்லமாட்டேன்.

ஆனைகளை ஆராய்கிற கலாநிதி பிருத்திவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவும் குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவப் பக்கத்தில் இதைத் தலைகீழாக்கினார்கள். ஆனையைச் சுற்றி அல்ல, ஊரைச் சுற்றி வேலி. அது நிரந்தரம். வயலைச் சுற்றி இன்னொன்று, அது போகத்துக்கு மட்டும். விதைக்கும்போது கமக்காரரே நட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி எடுத்து வைக்கிறார்கள். திறந்த வயலுக்குள் ஆனை வந்து அரிதாளைத் தின்றுவிட்டுப் போகட்டும், நமக்கு என்ன நட்டம்? வேலி வீட்டு வாசலில் நிற்பதால் கொடி வெட்டுவதும் பற்றரி பார்ப்பதும் அவரவர் வேலை. 2020-இல் அவர் தலைமையிலான குழு அரசுக்குக் கொடுத்த தேசியத் திட்டத்தின் மையமும் இதுதான். அதை முழுதாகச் செய்யத்தான் இன்னும் ஆளில்லை.

சரி, இது வன்னிக்குப் பொருந்துமா? எனக்குத் தெரிந்தவரை வன்னிக்குத்தான் கூடப் பொருந்தும். எங்களிடம் குளம், குளத்தின் கீழே வயல், வயலோரத்தில் ஊர், சுற்றிக் காடு. வளைத்து வேலி போடத் தோதான அமைப்பு. கமக்காரர் அமைப்பு ஏற்கனவே இருக்கிறது. வாய்க்கால் துப்புரவாக்கச் சேருகிற அதே ஆட்கள் வேலிக்கும் சேரலாம். சண்டைக் காலத்தில் நாங்கள் ஓடிப்போயிருந்த ஆண்டுகளில் காணிகளெல்லாம் பற்றையாகின. இளம் பற்றை என்றால் ஆனைக்கு விருந்து. அங்கே வளர்ந்த குட்டிகளுக்கு அதுதான் சொந்த ஊர். மீள்குடியேறி வந்த நாங்கள் அவற்றின் கண்ணுக்கு வந்தேறிகள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனையிறவு என்றும் ஆனைவிழுந்தான் என்றும் பெயர் வைத்த மண் இது. வன்னியை ஆண்ட வன்னியர்கள் ஆனையைத் திறையாகக் கட்டிய காலமும் இருந்தது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கம்பத்திலிருந்து நேரே மின்சாரம் இழுத்து வயலில் கம்பி கட்டாதீர்கள். முறையான வேலி 6,000 வோல்றுக்கு மேல் இருந்தாலும் விநாடிக்கு ஒரு தரம், கண் சிமிட்டும் நேரத்திலும் குறைவாகத் துடித்து விடும். சுள்ளென்று அடிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரம் பிடித்தால் விடாது. ஆனையும் சாகும், விடியக்காலை தண்ணி பார்க்கப் போகிற உங்கள் பிள்ளையும் சாவான். பூசணிக்காய்க்குள் வைக்கிற ஹக்கபட்டாஸ் என்ற வெடியும் அப்படித்தான். பன்றிக்கு வைத்தேன் என்பார்கள். கடிக்கிறது குட்டி ஆனை, தாடை சிதறித் தின்ன முடியாமல் கிழமைக்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. இதைச் செய்கிறவனுக்காக மட்டும் நான் பரிந்து பேசமாட்டேன்.

ஆனையை விரட்டத் தேனீப் பெட்டி கட்டலாம், ஆனை தொடாத தோடை நடலாம் என்றும் சொல்கிறார்கள். வஸ்கமுவ தேசியப் பூங்காப் பக்கம் இரண்டையும் செய்து பார்க்கிறார்கள். செய்யுங்கள், தேனும் தோடம்பழமும் கிடைக்கும். ஆனால் எங்கள் தேனீ ஆபிரிக்கத் தேனீயைப் போல மூர்க்கமானதல்ல. அதை மட்டும் நம்பி நெல் விதைக்க நான் தயாரில்லை.

வருகிற காலபோகத்துக்கு எங்கள் வயல்வெளியில் போக வேலி போடுவதாகப் பேச்சு. ஏக்கருக்கு எவ்வளவு என்பதில் இரண்டு கூட்டம் சண்டையில் முடிந்தது. நெல்லை வீட்டில் வைக்காமல் பொதுக் களஞ்சியத்தில் போடலாம் என்றும் முடிவானது. பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நெல்லு வீட்டுக்க இருந்தாத்தான் சீதேவி, தம்பி" என்றார். சுவரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பாதி மூட்டையைக் களஞ்சியத்தில் போடச் சம்மதித்தார்.