வேற்றுக்கிரகப் பகைவரிடம் யார் தூது போவது?

வேற்றுக்கிரகத்தவர் பகையோடு வந்தால் சமாதானம் பேசவே கூடாது, பேசினால் அது சரணடைதல் என்று நண்பர்கள் சிலர் வாதிடும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. விண்மீன்களைக் கடந்து வரத் தெரிந்தவர்களைப் போரில் வெல்வோம் என்று எதை வைத்து நம்புகிறார்கள்? பேச்சு ஒன்றுதான் நம்மிடம் மிஞ்சியிருக்கும். அதை எப்படித் தொடங்குவது என்பதுதான் என் கவலை.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையை நினைத்துக்கொள்கிறேன். "உன் வேல்கள் மாலை சூடி, நெய் பூசி மின்னுகின்றன, எங்கள் மன்னனின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்ற பொருளில் பேசினார். புகழ்ச்சி போன்ற எச்சரிக்கை அது. நுனி சிதைந்த வேல் போர் பல கண்ட வேல் என்பது கேட்டவனுக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் சொல் தைத்தது. வேற்றுக்கிரகத்தவருக்கும் நமக்கும் இடையே அப்படிப் பொதுவாக என்ன இருக்கும்? கணிதம் என்பார்கள். 1974இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து 1679 பிட்டுகளில் எண்களையும் தனிமங்களையும் ஒரு மனித உருவத்தையும் விண்ணுக்கு அனுப்பினார்கள். சரி, "இனிச் சுடமாட்டோம்" என்பதை எந்த எண்ணால் சொல்வது?

சுடாமல் இருந்துதான் சொல்ல முடியும். முதலில் ஒரு நாள் நிறுத்த வேண்டும். அவர்களும் நிறுத்தினால் அடுத்து இரண்டு நாள். அவர்களில் ஒருவர் காயம்பட்டு நம் கையில் சிக்கினால், அறுத்து ஆராயாமல் உயிரோடு திருப்பி அனுப்ப வேண்டும். எந்த அகராதியும் இல்லாமல் புரியக்கூடிய செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒரு நாடு ஆயுதத்தைத் தாழ்த்தும்போது இன்னொரு நாடு ஏவுகணையை விட்டால்? அவர்கள் பார்வையில் நாம் ஒரே கோள், வாக்கு மீறிய கோள். விண்ணிலிருந்து சமிக்ஞை வந்தால் பன்னாட்டு ஆலோசனை இல்லாமல் பதில் அனுப்பக்கூடாது என்று 1989இல் பன்னாட்டு விண்வெளியியல் அகாதெமி ஒரு நெறிமுறையை ஏற்றது. எந்த அரசையும் அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. வெறும் பதிலுக்கே இந்த நிலை என்றால், போர் நிறுத்தத்துக்கு யார் பொறுப்பேற்பார்கள்?

1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில் சோவியத் தலைவர் குருசேவின் கடிதம் அமெரிக்க அதிபர் கென்னடியின் கைக்கு முழுதாக வந்து சேரப் பல மணி நேரம் ஆனது. அந்தத் தாமதத்துக்கே அஞ்சி, மறு ஆண்டு இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு அமைத்தார்கள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியே 4.2 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. வந்திருக்கும் படைத்தலைவன் தன் அரசைக் கேட்டுத்தான் முடிவு சொல்வான் என்றால், கேள்வி ஒளியின் வேகத்தில் போய்ப் பதில் வரவே எட்டரை ஆண்டுகள் ஆகும். அதற்குள் இங்கே எத்தனை ஆட்சிகள் மாறியிருக்கும், எத்தனை தளபதிகள் ஓய்வு பெற்றிருப்பார்கள்! முந்தையவர் கொடுத்த வாக்குக்காக அடுத்து வருபவரும் விசையிலிருந்து கையை எடுத்தே வைத்திருக்க வேண்டும், அத்தனை நாளும்.